ஓடுகிற டைகர் டாங்கி மாடலின் ட்ராக்கில் ஆரஞ்சுத் துரு: இதற்கு ஒரு முடிவு கட்டலாமா?

பழைய தூரிகை:
துருவன் தன் புது டையோரமாவின் (சின்ன மாடல்களை வைத்து அமைத்த காட்சியின்) படங்களைப் போட்டிருக்கிறார். ரஷ்யாவின் குர்ஸ்க் போர்முனை, 1943 ஜூலை, நிஜத்தில் 35இல் ஒரு பங்கு அளவில் (1/35) ஜெர்மன் டைகர் டாங்கி, வேலியோரமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ட்ராக்கில் துரு காட்டத் தெரியாதவர்கள் வெதரிங் பக்கமே வர வேண்டாம், பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம்." (ட்ராக் என்பது டாங்கி ஓடும் சங்கிலிப் பட்டை; வெதரிங் என்பது மாடலுக்கு மண், துரு, தேய்மானம் பூசிப் பழசாக்குவது.) யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நான் போட்ட டைகரைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவருடைய ட்ராக் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பளீர் ஆரஞ்சு. டைகரின் எடை சுமார் 57 டன். ஒரு பக்கத்துக்கு 96 இணைப்புகள். வண்டி நகர நகர ஒவ்வொன்றும் அந்த எடையோடு தரையில் அழுந்தி, மண்ணிலும் கல்லிலும் தேய்ந்து எழுந்திருக்கும். தரையைத் தொடுகிற விளிம்பில் துரு எப்படி நிற்கும்? அங்கே தெரிய வேண்டியது தேய்ந்த எஃகின் மங்கலான பளபளப்பு. பள்ளங்களில் மண், அதற்கடியில் கரும்பழுப்பு. ஆரஞ்சு என்பது கைவிட்டுப்போன வண்டிக்கு. ஓடுகிற வண்டிக்கு இல்லை.

துருவன்:
அண்ணன் பெயரை நான் எங்குமே எழுதவில்லை. தொப்பி அளவாக இருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.

குர்ஸ்கில் அந்த ஜூலையில் மழை பெய்தது. புரோகோரோவ்கா சண்டை நடந்த 12ஆம் தேதியும் மழை. நனைந்த வெற்று இரும்பை ஒரு ராத்திரி வெளியே விட்டுவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள், என்ன நிறம் என்று. நான் பூசியது அந்த நிறம்தான்.

பழைய தூரிகை:
காலையில் எஞ்சினைப் போட்டு ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆரஞ்சு எங்கே என்று தேடவேண்டியிருக்கும்.

புதுப்பசை:
நான் புதியவன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த டையோரமாவில் டாங்கி ஓடிக்கொண்டிருக்கிறதா, ராத்திரி நின்றுவிட்டு இப்போதுதான் கிளம்புகிறதா? "ஓடுகிற வண்டி" என்று இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறீர்களா?

துருவன்:
தண்டவாளத்தைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணன்? தினமும் ரயில் ஓடுகிறது. பக்கவாட்டு முழுக்கத் துருதான்.

பழைய தூரிகை:
தண்டவாளத்தை நான்தான் உதாரணமாகச் சொல்ல இருந்தேன், நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி. சக்கரம் படுகிற மேல்முகம் வெள்ளி மாதிரி இருக்கும். பக்கவாட்டு பழுப்பு. பழுப்பு, தம்பி, ஆரஞ்சு இல்லை. நீங்கள் மேல்முகத்திலும் ஆரஞ்சு பூசியிருக்கிறீர்கள்.

கொக்கிமணி:
வந்துவிட்டார் நீதிபதி. போட்டியில் என் டி-34 (சோவியத் டாங்கி) மாடலை "துரு அதிகம்" என்று ஓரம் கட்டியவர் இவர்தான் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு முதல் பரிசு வாங்கிய வண்டியின் ட்ராக், வினைல் பட்டை. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக நின்றது, துளி தொய்வு இல்லை. அது இவர் கண்ணில் படவே இல்லை. துரு மட்டும் பட்டது.

பழைய தூரிகை:
அது எரிந்து கிடந்த டி-34 என்று நீங்கள் அட்டையில் எழுதியிருந்தால் துருவுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். "தாக்குதலில்" என்று எழுதியிருந்தீர்கள். தாக்குதலில் இருக்கும் வண்டிக்கு ஆரஞ்சு ட்ராக் கிடையாது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நிலா ஏர்பிரஷ்:
ஒரு தகவல். டைகரின் ட்ராக் மாங்கனீஸ் கலந்த வார்ப்பு எஃகு. அடி வாங்க வாங்க மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும் ரகம். சாதாரண இரும்புத் தகடு துருப்பிடிக்கிற மாதிரியே இதையும் பூசினால் பொருந்தாது. தகடு துருவை எக்ஸாஸ்ட் குழாயில் காட்டுங்கள். அங்கே சூட்டில் பெயிண்ட் பொசுங்கிப்போய் வெறும் தகடு நிற்கும், ஆரஞ்சு வரை எல்லா நிறத்துக்கும் இடமுண்டு. துருவனின் எக்ஸாஸ்டைப் பார்த்தால் புத்தம்புது டங்கல்கெல்ப் (ஜெர்மன் டாங்கிகளின் அடர்மஞ்சள் பெயிண்ட்)! சூடே படாத எக்ஸாஸ்ட், எரியாமலேயே துருப்பிடித்த ட்ராக்.

துருவன்:
மாங்கனீஸ் எஃகு துருப்பிடிக்காத எஃகு இல்லை மேடம். சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ், அவ்வளவுதான். குரோமியம் சேர்த்தால்தான் துரு அண்டாது. இறுகுவது வேறு, துருப்பிடிப்பது வேறு.

பழைய தூரிகை:
துருப்பிடிக்காது என்று இங்கே யார் சொன்னது? துருப்பிடிக்கும். ஆரஞ்சாக நிற்காது. இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லையென்றால் நான் என்ன செய்ய?

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம். குர்ஸ்க் டைகரின் சாலைச் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு. எஃகு விளிம்புச் சக்கரம் 1944இல்தான் வந்தது. ஆகவே ட்ராக்கின் உள்முகத்தில் சக்கரம் ஓடும் தடத்தை ரப்பர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று கருமையாக்கியிருக்கும். கிராஃபைட் பென்சிலை லேசாக உரசி விரலால் தேய்த்துவிட்டால் அந்த நிறம் அப்படியே வரும். சக்கரங்களுக்கு நடுவே எழும் வழிகாட்டிக் கொம்புகளின் பக்கங்களிலும், ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் விழும் இடங்களிலும் மட்டும் வெள்ளிப் பளபளப்பு. இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரே ஆரஞ்சுப் பிக்மெண்டை (நிறப்பொடியை) எடுத்து உள்ளும் வெளியும் அப்பிவிட்டு அதற்கு வெதரிங் என்று பெயர் வைத்தால் எப்படி?

துருவன்:
அப்பவில்லை. முதலில் கரும்பழுப்பு, அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன்மேல் ஆரஞ்சு அக்ரிலிக். பிறகு தண்ணீரில் நனைத்த பிரஷால் சுரண்டியிருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். பார்க்க மனசு வேண்டும்.

பழைய தூரிகை:
பார்த்தேன். சுரண்டியது போதவில்லை. ஆரஞ்சு அப்படியே இருக்கிறது.

ஒன்றின்கீழ் 35:
யாரும் பேசாத ஒரு கோணம். 1/35 டாங்கியை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, நிஜ டாங்கியை 35 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். ட்ராக்கின் ஒரு இணைப்பு 130 மில்லிமீட்டர் நீளம், ஸ்கேலில் 3.7 வரும். அதற்குள் கிடக்கும் மெல்லிய துருப்படலம் 35 மீட்டரில் கண்ணுக்குத் தெரியுமா? மங்கலான பழுப்பாகத் தெரியலாம், அதற்கு மேல் இல்லை. எந்த நிறமானாலும் தூரத்தில் அடங்கித்தான் தெரியும்.

கொக்கிமணி:
1/35 என்ற ஸ்கேலே ஜப்பானிய மாடல் நிறுவனம் டாமியா தன் பாந்தர் டாங்கி கிட்டுக்குள் மோட்டாரும் பேட்டரியும் நுழைய வேண்டுமே என்று பிடித்த அளவு. அதை வைத்து ஒளியியல் பாடம் நடத்துகிறார். பேஷ்.

ஒன்றின்கீழ் 35:
அளவு எதற்காக வந்தால் என்ன, கணக்கு கணக்குதானே? உங்களுக்கு டி-34 கோபம் இன்னும் ஆறவில்லை.

கொக்கிமணி:
ஆறாது.

சேற்றுக்கால்:
துருவை விடுங்கள். அடித்தட்டில் போட்டிருக்கிற மண்ணைப் பார்த்தீர்களா யாராவது? செம்மண்! குர்ஸ்க் கரிசல் வட்டாரம். காய்ந்தால் சாம்பல் கலந்த கருமை, நனைந்தால் கன்னங்கரேல். ட்ராக்கில் ஒட்டியிருக்கும் மண்ணும் அடித்தட்டின் மண்ணும் ஒரே பிக்மெண்ட் கலவையாக இருக்க வேண்டும் என்பது டையோரமாவின் அரிச்சுவடி. இங்கே தரை சிவப்பு, சக்கரத்தில் வெளிர் மஞ்சள் தூசி, ட்ராக்கில் ஆரஞ்சு. வண்டி மூன்று வெவ்வேறு ஊர்களில் ஓடிவிட்டு வந்து நிற்கிறது.

துருவன்:
அது செம்மண் இல்லை, மாலை வெளிச்சம். கேமராவின் வெள்ளைச் சமநிலை சரியாக அமையவில்லை.

பழைய தூரிகை:
அப்படியானால் ட்ராக்கின் ஆரஞ்சும் மாலை வெளிச்சம்தானா? அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன்.

துருவன்:
ட்ராக்கின் ஆரஞ்சு துரு. மண்ணின் சிவப்பு வெளிச்சம்.

நிலா ஏர்பிரஷ்:
😂

துருவன்:
சிரியுங்கள். அண்ணனுக்கு ஒரே கேள்வி. குர்ஸ்க் டைகர்களின் ட்ராக் ஆரஞ்சாக இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே? சண்டைப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையில் பழுப்பு எது, ஆரஞ்சு எது என்று உங்களுக்கு மட்டும் தெரிகிறதா?

பழைய தூரிகை:
நிறம் தெரியாது. பளபளப்பு தெரியும். வண்டி எதிரே வரும் படங்களில் ட்ராக்கின் விளிம்பு வெயிலில் வெள்ளையாக மின்னும். துரு மின்னுமா?

துருவன்:
ஈரம் மின்னும். மழை பெய்தது என்று முதலிலேயே சொன்னேன்.

பழைய தூரிகை:
உங்களுக்குத் துரு வேண்டுமென்றால் மழை பெய்கிறது, மினுமினுப்பை மறுக்க வேண்டுமென்றாலும் மழைதான் பெய்கிறது. உங்கள் டையோரமாவில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சக்கரத்தில் காய்ந்த தூசி, புல் காய்ந்த புல். ராத்திரி மழை என்றால் சேறு எங்கே, குட்டை எங்கே?

கொக்கிமணி:
பாவிங்டன் அருங்காட்சியகத்தில் டைகர் 131 இருக்கிறது. ட்யூனீசியாவில் 1943 ஏப்ரலில் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தது, இன்றைக்கும் சொந்தக் காலில் ஓடுகிற ஒரே டைகர் 1. அதன் ட்ராக்கின் வண்ணப் படத்தைப் பாருங்கள், பழுப்புத் துரு இருக்கிறதா இல்லையா?

பழைய தூரிகை:
பழுப்பு! நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைத்தான் ஆரம்பத்திலிருந்து தொண்டை கிழியச் சொல்கிறேன். பழுப்பு. தவிர, வருடத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கூரைக்குள் போகிற வண்டியை வைத்துப் போர்முனையைக் கணக்குப் போட முடியாது.

கொக்கிமணி:
உமக்குச் சாதகமாக இருந்தால் சாட்சி, பாதகமாக இருந்தால் கூரைக்குள் நிற்கும் வண்டி. மாடல் கலைஞர் வெர்லிண்டனின் காலத்தில் வெள்ளி பெயிண்டை வைத்து மூலைமுடுக்கெல்லாம் ட்ரை பிரஷ் (கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடுகளில் மட்டும் உரசுவது) அடித்தீரே, அந்த டாங்கிகளெல்லாம் எந்தப் போர்முனையில் ஓடின?

பழைய தூரிகை:
அந்த ட்ரை பிரஷ்ஷில்தான் உங்களைப் போன்றவர்கள் இந்தக் கலையையே கற்றுக்கொண்டீர்கள். இன்றைக்கு வாஷ், ஃபில்டர், ஆயில் புள்ளி, பிக்மெண்ட் என்று நூறு புட்டி வந்துவிட்டது. புட்டி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வண்டியில் கொட்ட வேண்டியதில்லை. ஆரஞ்சுப் புட்டி ஒன்று கையில் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை பலருக்கு.

புதுப்பசை:
மறுபடி கேட்கிறேன், மன்னிக்கவும். டைகரின் மூக்கில் உதிரி ட்ராக் இணைப்புகளை மாட்டியிருப்பார்களே, அவை தரையில் படுவதில்லை. அவற்றில் ஆரஞ்சு பூசலாமா? என் கிட் பாதியில் நிற்கிறது.

துருவன்:
தாராளமாகப் பூசுங்கள். உதிரியில் துரு வரும் என்றால் ட்ராக்கிலும் வரும், ஒரே உலோகம்தானே.

பழைய தூரிகை:
உதிரியில் பூசலாம், ஏனென்றால் அது தேய்வதில்லை. ட்ராக் தேய்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் நிறம் மாறுபட வேண்டும். உதிரி ஒரு நிறம், ஓடும் ட்ராக் ஒரு நிறம் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் அந்த டாங்கிக்கே உயிர் வரும். துருவனுடைய வண்டியில் மட்டும் உதிரி கரும்பழுப்பு, ஓடுவது ஆரஞ்சு. தலைகீழ்.

துருவன்:
உதிரிகளை இன்னும் முடிக்கவில்லை.

சேற்றுக்கால்:
அந்த மண் விஷயத்துக்கு யாரும் வரமாட்டீர்களா?

நிலா ஏர்பிரஷ்:
நான் வருகிறேன். பிக்மெண்டை ஒட்ட வைக்கும் திரவத்தைத் துருவன் பிரஷால் நேரடியாகத் தடவியிருக்கிறார் போல, ஓரங்களில் அலை அலையாகக் கறை படிந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஓரத்தில் விட்டால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கறைதான் ஆரஞ்சை இன்னும் தூக்கிக் காட்டுகிறதோ என்னவோ.

பழைய தூரிகை:
கறை எதையும் தூக்கிக் காட்டவில்லை. ஆரஞ்சுதான் ஆரஞ்சாக இருக்கிறது.

துருவன்:
அண்ணன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். என் அடுத்த வேலை டி-34, அதே குர்ஸ்க், அதே நிறம். இன்னும் ஒரு பூச்சு கூடுதலாகவே பூசுகிறேன். இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பழைய தூரிகை:
எழுதி வைத்துவிட்டேன். டி-34 ட்ராக்கின் இணைப்புகளைக் கோக்கும் பின்கள் தளர்வானவை, டாங்கியின் உடல் பக்கமாக நகர்ந்து இணைப்பிலிருந்து வெளியே நீட்டும். பின்பக்கம், ஸ்ப்ராக்கெட் அருகே, உடலில் பற்றவைத்த ஒரு தகடு அவற்றை இடித்து மறுபடி இணைப்புக்குள் தள்ளும். ஓடும்போதெல்லாம் இடிபடுகிற அந்தப் பின்தலைகள் மின்னும். அதிலும் ஆரஞ்சு பூசிவிடாதீர்கள்.

கொக்கிமணி:
அந்தத் தகடு என் டி-34இல் இருந்தது. மதிப்பெண் போடும்போது அது உம் கண்ணில் பட்டதா?

பழைய தூரிகை:
பட்டது. ஆரஞ்சாக இருந்தது.