ஸ்கோர் பலகை இல்லாத சிறுவர் லக்ராஸ் வார இறுதி: சரிப்பட்டு வருமா?

நடுக்களம்:
8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சனி, ஞாயிறு முழுக்க ஃபீல்டு லக்ராஸ் (நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் திடல் ஆட்டம்) நடத்தப்போகிறோம். கோப்பை, இறுதிப் போட்டி, ஸ்கோர் பலகை எதுவும் வேண்டாம் என்பது என் யோசனை. கிளப் அணியாக வராமல் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். நாங்கள் கலந்து பிரிப்போம்; சுற்றுக்குச் சுற்று அணி மாறும். முழுத் திடலில் பத்துக்குப் பத்து ஆடவிட்டால் பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். அதனால் சின்னவர்களுக்கு நாலுக்கு நாலு, பெரியவர்களுக்கு சிக்ஸஸ் முறையில் ஆறுக்கு ஆறு. ஸ்கோர் விஷயத்தில் மட்டும் எங்கள் குழுவிலேயே ஒத்துவரவில்லை. உங்கள் கருத்து என்ன?

நெடுமட்டை:
ஆறுக்கு ஆறு நல்ல முடிவு. ஸ்கோர் வேண்டாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் டிஃபென்ஸ் ஆடி வளர்ந்தவன். கோல் போட்டவனுக்குப் பலகை இல்லாவிட்டாலும் கைதட்டல் கிடைத்துவிடும். டிஃபென்ஸில் நிற்கிறவனுடைய உழைப்பைக் காட்டுவது அந்த எண் மட்டும்தான். கடைசி ஐந்து நிமிடம் ஒரு கோல்கூட விடாமல் காத்தோம் என்று அவன் வேறு எதை வைத்துச் சொல்வான்?

அப்புறம், சுற்றுக்குச் சுற்று அணி மாறினால் ஸ்லைடு எப்படிப் பழகும்? பக்கத்து ஆளை ஏமாற்றிவிட்டு எதிரணிக்காரன் கோலை நோக்கி வந்தால், நான் என் ஆளை விட்டுவிட்டு அவனை மறிக்க ஓட வேண்டும். விட்டுவந்த ஆளை மூன்றாமவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கால் நகரும். பத்து நிமிடப் பழக்கத்தில் அது வராது.

கிரவுண்ட்பால்:
நெடுமட்டை அண்ணா சொல்வது பழகிய பிள்ளைகளுக்குப் பொருந்தும். நான் பயிற்சி கொடுப்பது எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு. அவர்கள் ஆட்டத்தில் பந்து பாதி நேரம் தரையில்தான் கிடக்கும். ஸ்கோர் எண்ணுகிற ஆட்டத்தில் அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஓடத் தெரிந்த ஒரு பையன் பந்தை அள்ளி, கிரேடில் செய்துகொண்டே (வலையிலிருந்து பந்து விழாமல் மட்டையை ஆட்டிக்கொண்டே) திடலின் அந்த முனை வரை தனியாகப் போய் ஷாட் அடிப்பான். எல்லைக்கோட்டில் இருக்கும் கோச் அவனை வெளியே எடுக்கவே மாட்டார். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே ஓடி, பின்னாலேயே திரும்பி வருவார்கள்.

என்னிடம் வருகிற ஒரு பெண் பயிற்சியில் அழகாக ஸ்கூப் செய்வாள். முழங்காலை மடக்கி, பின்கையைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, நிற்காமல் பந்தைத் தாண்டி ஓடி அள்ளுவாள். அதே பெண் ஸ்கோர் ஆட்டத்தில் பந்து பக்கத்தில் உருண்டு வந்தால் ஒதுங்கிக்கொள்கிறாள். ‘நான் விட்டுட்டா அவங்க கோல் போட்டுடுவாங்க’ என்றாள். இந்த வார இறுதி அவளைப் போன்றவர்களுக்காக நடந்தால் போதும் என்பேன். கோல் அடிக்கும் முன் இரண்டு பாஸாவது கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். எல்லார் கையிலும் பந்து வந்து போகும்.

நெடுமட்டை:
அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதற்கு மறுப்பே இல்லை. சின்னவர்களுக்கு இரண்டு பாஸ் விதியும் சரி. ஆனால் 14 வயதுப் பிள்ளைகளிடம் அதே விதியைத் திணித்தால் ஃபாஸ்ட் பிரேக் செத்துவிடும். கோலி, அதாவது கோல் காப்பவர், பந்தைத் தடுத்தவுடன் ஓடுகிறவனுக்கு நீளமாக எறிந்து, எதிரணி திரும்புவதற்குள் கோல் போடுவது இந்த ஆட்டத்தின் உயிர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சிக்ஸஸ் இடம்பெறுகிறது. 1908 லண்டனுக்குப் பிறகு லக்ராஸ் பதக்க ஆட்டமாக இப்போதுதான் திரும்புகிறது. அதைக் கேட்டு ஆசையோடு வரும் பெரிய பிள்ளைகளையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பழைய வலை:
இந்த ஆட்டம் யாரிடமிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்களுக்கு இது படைத்தவன் தந்த விளையாட்டு; நோயுற்றவர் குணமாக வேண்டும் என்பதற்காகவும் ஆடுவார்கள். கனடாவின் மாண்ட்ரியலில் பல் மருத்துவராக இருந்த வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1860களில் விதிகளை எழுதி வைத்த பிறகுதான் இன்றைய போட்டி வடிவம் உருவானது. வெற்றிக்கு அப்பாற்பட்ட ஒரு காரணத்துக்காக ஆடுவது லக்ராஸுக்குப் புதிதல்ல.

நெடுமட்டை:
மதிப்போடு ஒன்று சொல்கிறேன். மருந்தாக ஆடுகிறவர்களும் முழு மூச்சோடுதான் ஆடுகிறார்கள். வெற்றி முக்கியமில்லை என்பதும் கோலே வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

கோலியின் அம்மா:
ஸ்கோரை விடுங்கள், பாதுகாப்பைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. ‘ஜாலியான ஆட்டம்தானே’ என்ற பேச்சு வந்தாலே மவுத்கார்டை (பல் கவசத்தை) பையிலேயே விட்டுவிடுகிறார்கள். பந்து கெட்டி ரப்பர். எடை 140 கிராமுக்கு மேல். கோல் ஆறடிக்கு ஆறடி. பந்து நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட நொடியில் பட்டால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் இதயத்துடிப்பு நின்றுபோகலாம். அரிதுதான், ஆனாலும் நெஞ்சுக்கவசம் இல்லாத பிள்ளையை ஷாட்டுக்கு எதிரே நிறுத்தக் கூடாது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி அலுவலக அறையில் பூட்டிக் கிடக்காமல் திடலோரத்தில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு கோச்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சின்னவர்களுக்குக் கோலியே வேண்டாம். சின்ன கோல், மென்பந்து போதும்.

இன்னொன்று. ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் சேர்த்து ஆடவிடப்போகிறீர்களா? பையன்கள் ஆட்டத்தில் உடல் மோதல் உண்டு, அதற்கேற்ற ஹெல்மெட், கையுறை, தோள்கவசம் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் மோதல் கிடையாது; பெரும்பாலானவர்கள் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் மவுத்கார்டும் மட்டும்தான் போடுகிறார்கள். ஹெல்மெட் போட்டவனும் போடாதவளும் ஒரே பந்துக்கு ஓடி வரும்போது யாருடைய விதி? முதலில் இதை முடிவு செய்யுங்கள்.

நடுக்களம்:
நல்ல கேள்வி, அக்கா. கலந்து ஆடும் ஆட்டம் எதிலும் மோதல் கிடையாது, ஸ்டிக்கால் அடிக்கவும் கூடாது. எதிராளி போகும் வழியில் நின்று மறிக்கலாம், பாஸை இடைமறிக்கலாம், அவ்வளவுதான். மோதல் வேண்டும் என்கிற பெரிய பையன்களுக்கு வேறொரு திடலில் முழுக் கவசத்தோடு தனி நேரம். டிஃபிப்ரிலேட்டர் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கோரைப் பற்றி: 12 வயது வரை எண்ண மாட்டோம். 13க்கு மேல், ஆட்டம் நடக்கும்போது ஓரத்தில் எண் அட்டை இருக்கும். விசில் ஊதியதும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடுவோம். எங்கும் எழுதி வைக்க மாட்டோம், பட்டியல் கிடையாது. ஸ்லைடு பற்றி நெடுமட்டை சொன்னது நியாயம். பெரியவர்களுக்கு அரை நாள் முழுக்க ஒரே அணி, மதியத்துக்கு மேல் மாற்றுவோம்.

கிரவுண்ட்பால்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. 13 வயதில் முதன்முதலாக ஸ்டிக் பிடிக்க வருகிறவர்களும் உண்டு. அட்டையில் 9-1 என்று தெரியும்போது அந்த ஒரு கோல் அணியில் இருக்கும் புதுப் பிள்ளை என்ன செய்யும்? வித்தியாசம் ஐந்தைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தி அணிகளைக் கலைத்து மறுபடி பிரித்துவிடுங்கள்.

நெடுமட்டை:
அதற்கு நான் சம்மதம். 9-1 ஆட்டத்தில் ஜெயிக்கிற அணியின் டிஃபென்ஸும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொரு கோலுக்கும் பிறகு ஃபேஸ்-ஆஃப் (நடுவில் வைத்த பந்துக்கு இரண்டு பேர் மோதி ஆட்டத்தைத் தொடங்குவது) வேண்டாம். ஃபேஸ்-ஆஃப் நன்றாக எடுக்கிற ஒருவன் இருந்தால் பந்து ஒரே பக்கம்தான் போகும். சிக்ஸஸில் செய்வது போல, கோல் விழுந்ததும் கோலை விட்டுக்கொடுத்த அணியின் கோலி உடனே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கட்டும். அட்டையைத் திருப்புகிற வேலையைப் பெற்றோரிடம் கொடுக்காதீர்கள், வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். சனிக்கிழமை டிஃபென்ஸ் பயிற்சிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

கோலியின் அம்மா:
கோலியாக நிற்கப்போகும் பிள்ளைகளின் நெஞ்சுக்கவசம் அளவு சரியாக இருக்கிறதா என்று காலையில் நானே பார்த்துவிடுகிறேன். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அனுப்புங்கள்.