பழைய 350 புல்லட்டுக்கு கம்ப்ரஷன் எவ்வளவு ஏற்றலாம்?

சேலம்_350:
வணக்கம். என்னிடம் இருப்பது 1994 ஸ்டாண்டர்ட் 350, இரும்பு பேரல் (சிலிண்டர்). புகை தள்ளியதால் எஞ்சினை இறக்கிப் போர் போட (பேரலின் உட்புறத்தைக் கடைய) கொடுத்திருக்கிறேன். இதன் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம்) 6.5 தானே, பிரித்ததுதான் பிரித்தோம், ஹெட்டை (பேரலின் மேல்மூடியை) 3 மில்லிமீட்டர் சீவிவிடலாம், இல்லையென்றால் உயரமான பிஸ்டன் போட்டு 8.5-க்குக் கொண்டுபோகலாம், வண்டி பறக்கும் என்கிறார் மெக்கானிக். தினமும் ஓட்டுகிற வண்டி, மாதம் இரண்டு முறை ஏற்காடு ஏறும், போடுவது சாதாரண பங்க் பெட்ரோல்தான். எதுவரை போகலாம்?

திருச்சி_லேத்:
முதலில் கணக்கைப் பாருங்கள். போர் (பேரலின் உள்விட்டம்) 70 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லி, அதாவது 346 சிசி. 6.5 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 63 சிசி. 7.5 வேண்டுமென்றால் அது 53 ஆகவேண்டும். ஹெட்டில் 1 மில்லி சீவினால் கிட்டத்தட்ட 3.8 சிசி போகும் (குழி உள்ளே போகப் போகக் குறுகுவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு), ஆக உங்கள் மெக்கானிக் சொன்ன 3 மில்லிக்கு 7.7 வரை வரும். ஆனால் இதெல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கும் 6.5-ஐ நம்பிப் போட்ட கணக்கு. முப்பது வருட வண்டி, யார் யார் கை வைத்தார்களோ. ஹெட்டைக் கவிழ்த்து, வால்வு, பிளக் மாட்டி, ஓட்டை போட்ட கண்ணாடித் தட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, சிரிஞ்சால் எண்ணெய் விட்டு அளந்து பாருங்கள். பிஸ்டன் பேரலின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளக்காமல் லேத்தில் ஏற்றாதீர்கள், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

கோவை_ரைடர்:
என் வண்டியில் 8.5 போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். சமதளத்தில் அருமையாக இழுத்தது, மலையில் நாலாவது கியரில் த்ராட்டிலைத் திருகினால் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் நாக் சத்தம் (கலவை தானாகவே வெடித்து அடிப்பது). காற்றில் குளிரும் எஞ்சின், வேகம் குறைந்து பாரம் கூடும்போது சூடு அப்படியே தங்கிவிடுகிறது. பின்னால் வந்த புல்லட்டின் யுசிஇ எஞ்சினும் 8.5 தானே என்று கேட்பீர்கள். அதன் பேரல் அலுமினியம், சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும், அதன் அறையும் இக்னிஷனும் அந்த விகிதத்துக்கென்றே அமைத்தவை. நம்முடையதில் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) வேறு புஷ்ஷில் (உலோக வளையத்தில்) ஓடுகிறது, நாக் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அதன் மேல்தான் விழும். ஆறு மாதத்தில் எனக்கு அந்தப் புஷ் போனது.

திருச்சி_லேத்:
தம்பி சொல்வது சரி. லாபமும் அவ்வளவு இல்லை. ஏட்டுக்கணக்கில் 6.5-லிருந்து 7.5-க்குப் போனால் எஞ்சினின் திறன் 5 சதவீதம் கூடும், 8.5 வரை போனால் 9. அந்த மீதி 4 சதவீதத்துக்காக மலையில் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளி ஓட்டினால் கிடைத்ததும் போய்விடும்.

சேலம்_350:
ரொம்ப நன்றி அண்ணா. 7.5-லேயே நிறுத்திக்கொள்கிறேன். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆக்டேன் (நாக் அடிக்காமல் தாங்கும் அளவு) அதிகம், அதனால் தாங்கும் என்கிறார்களே?

திருச்சி_லேத்:
எத்தனால் நாக் அடிப்பதை எதிர்க்கும், அது உண்மை. ஆனால் எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தப் பெட்ரோலுக்கு 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீதக் கலவைக்கு 13.5 பக்கம். பழைய ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) விட்டால் கலவை லீனாகி (பெட்ரோல் பங்கு குறைந்து) எஞ்சின் சூடேறும், ஆக்டேனில் வந்தது சூட்டில் போகும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுங்கள். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஹெட் சீவியபின் புஷ் ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) அட்ஜஸ்ட்மெண்டைப் புதிதாக வைக்கவேண்டும், அதை மறந்தால் வால்வு சரியாக மூடாது. முதல் 500 கிலோமீட்டர் ஏற்காடு வேண்டாம். அப்புறம் ஒரு தடவை ஏறி, பாதியில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் கறுப்புப் பொட்டோ பளபளக்கும் துகளோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து மறுபடி ஏறிப் பாருங்கள்.