நைந்த கயிறா, இற்ற கயிறா?

அரைப்பக்கம் கேட்டது:
சிறுகதை ஒன்றில் "நைந்த கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினான்" என்று எழுதியிருந்தேன். படித்த தோழி, "இற்ற கயிறுன்னு போடு, இன்னும் பயமா இருக்கும்" என்கிறாள். எனக்கு இரண்டுமே 'பழசு' என்றுதான் படுகிறது. அகராதியிலும் தெளியவில்லை. நிஜமாகவே வேறுபாடு உண்டா?

ஊசிநூல்:
எனக்கு இலக்கணம் தெரியாது தம்பி, தையல் தெரியும். நைஞ்ச துணியை வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியும். முழங்கை, காலர் மடிப்பு, தொடை உரசுற இடம், அங்கெல்லாம் இழை மெலிஞ்சு மெத்துன்னு ஆகியிருக்கும். உள்ளே ஒரு ஒட்டு வெச்சுத் தைச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். இத்துப்போனது அப்படி இல்ல. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஊசி குத்தின இடத்துலயே பர்ருன்னு கிழியும். வருஷக்கணக்கா வெயில் பட்ட திரைச்சீலை அப்படித்தான். அதுல ஒட்டுப் போட்டா ஒட்டு நிக்கும், துணி நிக்காது. அதனால நைஞ்சதை வாங்கிக்குவேன், இத்ததைத் திருப்பிக் கொடுத்துடுவேன். (தைக்கத் தெரியலன்னு திட்டிட்டுப் போனவங்களும் உண்டு.)

படிதிருத்தி:
விரலறிவு சரிதான். இறுதல் என்றால் முறிதல். குறள் 475-இல் பாரம் மிகுந்தால் வண்டியின் 'அச்சு இறும்'. கம்பர் வில் ஒடிந்ததை 'இற்றது கேட்டார்' என்கிறார். இரண்டிலும் நாள்பட நலிவது இல்லை, ஒரே கணத்தில் ஒடிவதுதான். தொட்டால் ஒடியும் நிலைக்கு வந்துவிட்டதையும் இன்று 'இற்றுப்போன' என்கிறோம். காற்று 'காத்து' ஆனதுபோல் அது பேச்சில் 'இத்துப்போன' ஆயிற்று. கதைமாந்தர் பேசினால் அப்படியே விடலாம்.

நைதல் இளகி மெலிவது. அதனால் மனமும் நையும், தகரம் நையாது, துருவேறி இற்றுப்போகும். செருப்பின் அடி தேயும், வார் அறும். எல்லாவற்றுக்கும் 'சேதமடைந்த' என்று எழுதுபவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

அரைப்பக்கம்:
அவன் பாதி வழியில் விழ வேண்டும். மேலிருந்து பார்க்கையில் கயிறு நன்றாகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் 'இற்ற'தான். ஆனால் இறங்கும்போதே அதைச் சொன்னால் விழப்போவது தெரிந்துவிடுமே?

ஊசிநூல்:
இறங்கும்போது வெறும் கயிறுன்னு எழுதுங்க. விழுந்த பிறகு, அறுந்த முனையைக் கையில எடுத்துப் பார்க்கிறவன் சொல்லட்டும், இத்துப்போச்சுன்னு.