தினசரி லிஸ்ட் போட்டாலே மனசு உறுத்துகிறது, என்ன செய்யலாம்?

ஆவாரம்பூ:
வீட்டிலிருந்தே இரண்டு மூன்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் கணவர், ஐந்தாவது படிக்கும் பையன், மாமனார், மாமியார். காலையில் எல்லோருக்கும் காபி கொடுத்த கையோடு அன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவிடுவேன். முன்பெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், இப்போது போனில் கூகுள் கீப் என்ற குறிப்பெழுதும் ஆப். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும், மறுநாளுக்குத் தள்ளுவேன், அது அதற்கும் மறுநாளுக்குப் போகும். பரண் ஒழிப்பது என்ற வரி எப்போது ஏறியது என்று எனக்கே நினைவில்லை. நாள் முழுக்க உட்காராமல் ஓடியிருப்பேன், இருந்தும் ஒன்றுமே செய்யாதவள் மாதிரி இருக்கிறது. சரி, லிஸ்ட்டே வேண்டாம் என்று விட்டால் கரண்ட் பில் மறந்துபோகிறது.

இன்றைய லிஸ்ட் இதுதான்: ஜிஎஸ்டி 3பி (வரிக் கணக்குத் தாக்கல்) இரண்டு கடைக்கு, கரண்ட் பில், பரண், மாமனார் பென்ஷனுக்கு ஆயுள் சான்று, பையனுக்குப் பல் டாக்டர், யோகா, இட்லி மாவு, கேஸ் புக்கிங், சித்திக்குப் போன், எக்செல் நன்றாகக் கற்றுக்கொள்வது.

உறுத்தல் இல்லாமல் லிஸ்ட் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஒற்றைச்செருப்பு:
லிஸ்ட்டைப் போட்டுக் காட்டியது நல்லதாகப் போயிற்று. இதில் மூன்று ஜாதி வேலை கலந்து கிடக்கிறது அக்கா. 3பி மாதாமாதம் போடுவதென்றால் 20ஆம் தேதி கெடு, தாண்டினால் தாமதக் கட்டணம். கரண்ட் பில்லும் அப்படித்தான். இவை இன்றைக்கு நடந்தே ஆக வேண்டியவை. எக்செல் கற்றுக்கொள்வது வேலையே இல்லை, ஆசை. அது எந்த நாளில் முடியும், எப்போது டிக் அடிப்பீர்கள்? பரண் ஒழிப்பது ஒரு வரியாகத் தெரிகிறது, ஆனால் ஏணி போட்டு ஏறி, இறக்கி, எதை வைப்பது எதைப் போடுவது என்று மாமியாரோடு பேசி முடிக்க ஒரு வாரம் ஆகும். அதையும் சித்திக்குப் போன் செய்வதையும் ஒரே அளவு எழுத்தில் எழுதினால், ராத்திரி பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவுக்குத்தான் உறுத்தும். பரணில் இருக்கும் பழைய பேப்பர் கட்டை மட்டும் இறக்கிக் கடையில் போடுவது என்று எழுதுங்கள், அது ஒரு நாளில் அடங்கும்.

இன்னொன்று, நேரக் கணக்கு. நம் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நாம் எப்போதும் குறைத்துத்தான் போடுகிறோம். கனடாவில் செய்து 1994இல் வெளியான ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். சுவாரசியம் அதில்லை, எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்று தனியாகக் கேட்டதற்கு அவர்கள் சொன்னதே 49 நாள் அளவில்தான் இருந்தது. அதனால் லிஸ்ட் எழுதும் முன், இன்றைக்கு என் கையில் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மேலே எழுதிவிட்டு, அதில் பாதிக்கு மட்டும் வேலை போடுங்கள். மீதிப் பாதியைக் காலிங் பெல் எடுத்துக்கொள்ளும்.

மழைக்காகிதம்:
செய்து முடித்த வேலையை அப்புறமாக லிஸ்ட்டில் எழுதி உடனே டிக் அடிக்கும் ஆள் நான் மட்டும்தானா?

ஒற்றைச்செருப்பு:
இல்லை.

பேனாமூடி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எழுதும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள் தோழி. காலையில் எழுதினால் அது அன்றைக்கே நிறைவேற்ற வேண்டிய சபதம் மாதிரி ஆகிவிடுகிறது. படுக்கும் முன் எழுதினால் மண்டைக்குள் சுற்றுவதைக் கீழே இறக்கி வைப்பதோடு சரி. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். தூங்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு குழு இனிமேல் செய்ய வேண்டியதை எழுத, இன்னொரு குழு செய்து முடித்ததை எழுதியது. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்துச் சத்தியம் எல்லாம் செய்ய முடியாது.

முடியாத வேலை மனசில் அரித்துக்கொண்டே இருப்பதைப் பற்றி ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927லேயே எழுதியிருக்கிறார். பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் செய்த சோதனைகளில் தெரிந்தது, அரிப்பு நிற்க வேலை முடிய வேண்டும் என்பதில்லை, எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாக முடிவு செய்தாலே பெருமளவு அடங்கிவிடுகிறது என்பது. உங்கள் பல் டாக்டர் வரி வெறுமனே பல் டாக்டர் என்று நிற்கிறது. சனிக்கிழமை டியூஷன் முடிந்து அப்படியே கூட்டிப்போவது என்று எழுதினால் சனிக்கிழமை வரை அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

கொல்லைப்புறம்:
எல்லோரும் லிஸ்ட்டை எப்படி எழுதுவது என்று பாடம் எடுக்கிறீர்கள். அந்த லிஸ்ட் ஏன் இவர் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆயுள் சான்று மாமனாருடையது, அவருக்கு ஒரு மகன் இருக்கிறார். தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை வாங்கிப் பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது, மகன் ஏற்பாடு செய்தால் முடிந்தது. கேஸ் புக்கிங்குக்கு ஒரு மிஸ்டு கால் போதும், அதைப் பெண்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமா? மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 2019இல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவழித்தார்கள், அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289 ஆகக் குறைந்தது. சந்தோஷப்படாதீர்கள், ஆண்களுக்கும் 88 ஆகக் குறைந்துவிட்டது. இதில் நினைவு வைத்துக்கொள்ளும் வேலை எந்தக் கணக்கில் வருகிறதோ.

ஆவாரம்பூ சகோதரி, நீங்கள் குற்ற உணர்ச்சி என்று சொல்வதில் பாதி நியாயமான கோபம் என்று எனக்குப் படுகிறது.

ஆவாரம்பூ:
பதில்களுக்கு நன்றி. ஆசையையும் வேலையையும் பிரிப்பது உடனே புரிந்தது. எக்செலையும் யோகாவையும் தனிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், அதற்கே லிஸ்ட் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

கொல்லைப்புறம், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையில் அது அவ்வளவு லேசில்லை. அவர் மாட்டேன் என்று சொல்கிறவர் இல்லை. கரண்ட் பில்லை அவரிடம் கொடுத்தால், கட்டியாச்சா என்று கேட்பது என் லிஸ்ட்டில் ஏறிவிடுகிறது. கேட்டால் நச்சரிப்பு, கேட்காவிட்டால் ஃபைன். அதற்கு நானே இரண்டு நிமிடத்தில் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

கொல்லைப்புறம்:
அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. வேலையைக் கொடுத்தால் நினைவையும் சேர்த்துக் கொடுங்கள். பில் வந்தது என்ற எஸ்எம்எஸ் யார் போனுக்கு வருகிறது? உங்களுக்கென்றால் அந்த நம்பரை அவருடையதாக மாற்றுங்கள். ஒருமுறை ஃபைன் கட்டட்டும், ஃப்யூஸை வந்து பிடுங்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

பழையகோப்பு:
அம்மா, நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஆய்வுகள் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் இருக்கையில் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. வருகிற தபால் ஒவ்வொன்றும் ந.க. எண்ணோடு, அதாவது அலுவலக வரிசை எண்ணோடு, அதில் ஏற வேண்டும், முடிந்தால்தான் கணக்கிலிருந்து இறங்கும். ஆனால் முடிவது என்றால் கேட்டதைச் செய்து கொடுப்பது மட்டும் இல்லை. பார்த்தோம், இதில் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று குறிப்பு எழுதி அதிகாரி கையெழுத்து வாங்கினாலும் அது முடிவுதான், கோப்பு ரெக்கார்டு அறைக்குப் போய்விடும். எதையும் எழுதாமல் பெட்டிக்கடியில் தள்ளி வைத்திருப்பதுதான் மேலதிகாரி சோதிக்க வரும்போது மாட்டும்.

உங்கள் பரண் அந்தப் பெட்டிக்கடியில் இருக்கும் கோப்பு. மாத முடிவில் ஒருநாள் உட்கார்ந்து, தள்ளித் தள்ளி வந்ததை எல்லாம் பாருங்கள். ஒன்று தேதி போடுங்கள், இல்லை இந்த வருஷம் பரண் ஒழிக்கப் போவதில்லை என்று எழுதி அடித்துவிடுங்கள். போகிக்கு முன்னால் எப்படியும் தானாகவே ஏறத்தான் போகிறீர்கள். அதிகாரியும் நீங்களே, கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

மழைக்காகிதம்:
ஐயா, என் அலமாரிக்கும் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிவிட்டேன்.

ஆவாரம்பூ:
பரணை அடித்தாச்சு. மாமியாரிடம் சொன்னேன், அப்பாடா என்றார், அவருக்கும் அது ஒரு பயமாகவே இருந்திருக்கிறது போல.

கரண்ட் பில் நம்பர் மாற்றுவது பற்றி ஒரு சந்தேகம். அதற்கு ஆபீஸுக்கே போக வேண்டுமா? இணைப்பு மாமனார் பெயரில் இருக்கிறது.

கொல்லைப்புறம்:
மின்வாரியத்தின் இணையதளத்திலேயே மொபைல் நம்பர் பதிவு செய்ய ஒரு பக்கம் இருக்கிறது. பழைய பில்லில் இருக்கும் சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார வேண்டியது நீங்கள் இல்லை, அவர்.