வேலூர் மொட்டைமாடி உணவகம்: கோட்டையும் மலையும் தெரிய எங்கே, எந்நேரம் அமர்வது?

குடியாத்தம் மகன்:

அனைவருக்கும் வணக்கம். வரும் கார்த்திகையில் அப்பாவின் மணிவிழா முடிந்த மறுநாள் மாலை, குடும்பத்தார் எல்லோரையும் வேலூரில் ஒரு மொட்டைமாடி உணவகத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தறி நெய்து எங்களைப் படிக்க வைத்த அப்பா இத்தனை ஆண்டுகளில் வேலூருக்கு வந்ததெல்லாம் நூல் வாங்கவும் மருத்துவமனைக்கும்தான். அந்த ஊரை உயரத்திலிருந்து அவர் நிதானமாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கோட்டை தெரியும்படி எந்தப் பக்கம் பார்க்கலாம், எத்தனை மணிக்குப் போகலாம், மழைக்காலத்தில் இது சரிப்படுமா, என்ன சாப்பிடலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோட்டப்பாளையம்:

முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உணவகத்தின் பெயரை விசாரிப்பதற்கு முன் அந்தக் கட்டடம் கோட்டைக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்று பாருங்கள். வேலூரில் காட்சியைத் தீர்மானிப்பது அதுதான். கோட்டை வாசல் கிழக்கு பார்த்தது, கடைவீதியும் அந்தப் பக்கமே விரிந்திருக்கிறது. ஆகவே கோட்டைக்குக் கிழக்கே உள்ள மாடியில் மேற்கு நோக்கி அமர்ந்தால் கருங்கல் மதிலும், மரங்களுக்கு மேலே ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரமும், அவற்றுக்குப் பின்னால் இறங்கும் சூரியனும் ஒரே பார்வையில் கிடைக்கும். அதே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் கிழக்கு மலைகள். அவற்றின் உச்சியில் பழைய மலைக்கோட்டைகளின் மதில்கள் இருக்கின்றன. மாலை வெயில் நேராக அந்தப் பாறைகளின் மீது விழுவதால், கடைசி அரைமணி நேரம் மலை முழுவதும் செம்மண் நிறத்துக்கு மாறும். எனக்குக் கோட்டையைவிட இந்த மலைக்காட்சிதான் உயர்ந்தது என்று தோன்றுகிறது.

அகழிக்கு எதிரேயே உயரமான புதிய மாடியைத் தேட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது சட்டம். சற்றுத் தள்ளியிருக்கும் மாடியே வாய்க்கும். ஒருவகையில் அதுவும் நல்லது, மதிலின் நீளம் முழுதும் அங்கிருந்துதான் கண்ணுக்கு அடங்கும்.

கார்த்திகையில் சூரியன் 5.45 மணி வாக்கிலேயே மறைந்துவிடும். எனவே 5.15-க்குள் மேசையில் இருக்க வேண்டும். பல இடங்களில் மாடியை 7 மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, முதலில் காபியும் சிற்றுண்டியும் போதும், இரவு உணவு பிறகு என்று சொல்லி வையுங்கள். முடிந்தால் பிற்பகலிலேயே அப்பாவைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்று, 1981-இல் மீண்டும் வழிபாடு தொடங்கிய அந்தக் கோயிலையும், 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடத்தையும் காட்டிவிட்டுப் பிறகு மாடி ஏறுங்கள். நடந்து பார்த்த இடத்தை மேலிருந்து பார்க்கும்போது அவரே உங்களுக்கு அடையாளம் காட்டுவார்.

சத்துவாச்சாரி:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அது மொட்டைமாடி வரைக்கும் போகிறதா என்று கேளுங்கள். பல கட்டடங்களில் அது கடைசித் தளத்தோடு நின்றுவிடும், மிச்சப் படிகள் செங்குத்தாக இருக்கும். அம்மாவால் ஏற முடிந்தாலும் இறங்குவது கடினம்.

வடகிழக்குப் பருவமழையின் நேரம் அது. மாடியில் ஒரு பகுதியாவது நிலையான கூரையோடு இருக்க வேண்டும். வெறும் துணிக்கூரை காற்றோடு வரும் மழையைத் தாங்காது. இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டா என்பதையும் பாருங்கள். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மாடி உணவகத் தீயில் 14 பேர் இறந்த பிறகு, பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் நான் இதைக் கேட்காமல் மேசை பதிவு செய்வதில்லை. மற்றபடி கார்த்திகை மாலை வேலூருக்கு மிக நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் என்றால் இரவு 8 மணிக்குக்கூடத் தளம் பகல் வெயிலைக் கக்கிக்கொண்டிருக்கும்.

காட்பாடிக்காரர்:

காட்பாடிப் பக்க மாடிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பாலாற்றுக்கு அப்பால் ஊரின் விளக்குகள் இரவில் அழகாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் கோட்டைக்காக வருகிறவர்களுக்கு அது ஏற்றதல்ல.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சமையலறை கீழ்த்தளத்தில் இருந்தால் தோசையும் பொரித்தவையும் மேலே வருவதற்குள் ஆறிவிடும். திறந்தவெளிக் காற்று மீதியை ஆற்றிவிடும். சூப்பும், மாடியிலேயே அடுப்பு வைத்துச் சுட்டுத் தருபவையும் பொருந்தும். அசைவம் உண்பவர்களானால் சீரகச் சம்பாவில் செய்த ஆம்பூர் பிரியாணியை மூடிய பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கடைசிக் கவளம் வரை சூடு இருக்கும். அதற்குத் துணையாக வரும் கத்திரிக்காய் இலவம்பாடி முள் கத்திரிக்காயா என்று கட்டாயம் கேளுங்கள். வேலூர் முள் கத்திரிக்காய் என்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காயை நம் மாவட்டத்து உணவகங்களே வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்?