கூட்டல், கழித்தல் வருகிறது, வாக்கியக் கணக்கில் சறுக்குகிறார்கள்: வீட்டு வசதிதான் காரணமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கூட்டல், கழித்தலைச் சரியாகப் போடுகிறார்கள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் விழிக்கிறார்கள். எங்கிருந்து சரிசெய்வது?

பதில் 1: முதலில் அதே கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். விடை வந்தால் சிக்கல் வாசிப்பில், கணக்கில் இல்லை. வராவிட்டால் 'விட அதிகம்', 'மீதி', 'தலா' போன்ற சொற்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். '8, 5-ஐ விட எவ்வளவு அதிகம்?' என்றதும் 13 என்று சொன்னால், 'அதிகம்' என்றாலே கூட்டல் என்று மனதில் பதிந்திருக்கிறது. பொருட்களை இரண்டு வரிசையாக அடுக்கி, துணையில்லாமல் நிற்பவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். சூத்திரம் மனப்பாடம் செய்ய வைப்பது வீண்வேலை.

பதில் 2: வருகையையும் பாருங்கள். 180 நாளில் 18 நாள் வராமல் போனாலே பத்து சதவீதம். அதுவும் தொடர்ச்சியாக வராவிட்டால் ஒரு பாடமே காணாமல் போகும். அடுத்து கண். பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எண்கள் மாறினால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சார்ட், வண்ணப் பேனா கேட்கும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், அது அப்பாவின் பர்ஸுக்குப் போடும் மதிப்பெண்.

பதில் 3: ஏழை வீட்டுக் குழந்தை, வசதியான வீட்டுக் குழந்தையைவிடச் சிறுவயதில் '3 கோடி சொற்கள்' குறைவாகக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 1995-இல் வெளியான அந்தக் கணக்கு வெறும் 42 குடும்பங்களை வைத்து நீட்டிப் போட்டது. எண்ணிக்கையைவிட, குழந்தை பதில் சொல்ல இடம் கொடுக்கும் பேச்சுதான் முக்கியம். வகுப்பில் கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருங்கள்.