காத்து, தண்ணி, மண்ணு, உயிர்: நாலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கறத கண்ணால பாத்தவங்க வந்து சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். ஒரு மலை மேல நடந்து போய்க்கிட்டு இருந்தப்ப சாம்பல் கலர் பாறை ஒண்ணு உடைஞ்சு கெடந்துச்சு, குனிஞ்சு பாத்தா உடைஞ்ச பக்கம் பூரா சிப்பி, வரி வரியா, நகத்த வச்சு இழுத்தா அந்த வரி தட்டுப்படுது. அங்கேர்ந்து கடல் எங்கயோ இருக்கு. ஒரு சின்ன துண்ட எடுத்துட்டு வந்து அது மேல வினிகர் விட்டேன், உடனே நுரை கட்டி குமிழ் குமிழா வந்துச்சு. அந்த குமிழுக்குள்ள இருக்கறது கார்பன் டை ஆக்சைடு. எப்பவோ காத்துல சுத்திக்கிட்டு இருந்தது, மழைல கரைஞ்சு லேசான அமிலமா எறங்கி பாறைய அரிச்சு, அரிச்சதெல்லாம் ஆத்து வழியா கடலுக்கு போயி, அங்க ஒரு சிப்பி அத எடுத்து தனக்கு ஓடு கட்டிக்கிச்சு, அது செத்து அடியில படிஞ்சு பாறையாகி, அப்புறம் அந்த கடல் தரையே தூக்கிக்கிட்டு மலையாயிருச்சு. எவரெஸ்ட் உச்சியில இருக்கறதும் கடல்ல படிஞ்ச சுண்ணாம்புக்கல் தான், கடல் உயிர்களோட மிச்சம் அதுக்குள்ள இன்னும் இருக்கு.

இப்ப காத்துல இருக்கற கார்பனைவிட பல ஆயிரம் மடங்கு கார்பன் இந்த மாதிரி பாறைக்குள்ள பூட்டி கெடக்கு. எரிமலை அதுல கொஞ்சம் கொஞ்சமா திருப்பி விடும், மழை மறுபடி இழுத்துக்கும். வெள்ளி கிரகத்துல இந்த வேலையே நடக்கல, அத்தனையும் காத்துலயே நிக்குது, அங்க தரையில சூடு 460 டிகிரி செல்சியஸ் கிட்ட. ஒரு சிப்பி ஓடு கட்றதுக்கும் நாம வெந்து போகாம இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அந்த நுரைய பாக்கும்போது தான் எனக்கு மனசுல ஏறுச்சு.

* * *

அருமை சகோ. என்னோடது சின்ன விஷயம். இலை நெறைய இருக்கற ஒரு கெளைல ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் கவர மாட்டி வாய இறுக்கி கட்டிட்டு வெயில்ல விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி ஆச்சு, அப்புறம் சொட்டு சேர்ந்து கவரோட மூலைல தண்ணியா நிக்குது! வேர் மண்ணுலேர்ந்து உறிஞ்சி இலை காத்துக்கு குடுத்த தண்ணி. பெரிய மரம்னா ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான லிட்டர் இப்படி மேல அனுப்பும்.

எனேயாஸ் சலாத்தின்னு ஒரு பிரேசில் விஞ்ஞானி 1970கள்ல அமேசான் மழைத்தண்ணிய எடுத்து அதுல இருக்கற ஆக்சிஜன் ஐசோடோப்ப அளந்தாரு (ஐசோடோப்னா ஒரே தனிமத்தோட அணு தான், எடை மட்டும் கொஞ்சம் வேற வேறயா இருக்கும்). கடல்லேர்ந்து வர்ற மேகம் உள்நாட்டுக்கு போக போக கனமான ஐசோடோப் மொதல்ல மழையா விழுந்துரும், மீதி லேசாயிட்டே போகணும், ஆனா அமேசான்ல எதிர்பாத்த அளவுக்கு அப்படி லேசாகல. ஏன்னா பேஞ்ச மழைய காடு மறுபடி மேல அனுப்பிக்கிட்டே இருக்கு. அங்க பெய்யற மழைல பாதி கிட்ட காடே சுத்தி விடறதுன்னு கணக்கு வந்துச்சு. மரம் வெட்டினா நெழல் தான் போகும்னு நெனைக்கறவங்க இத கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், அங்க மழையே சேர்ந்து போகுது.

* * *

அக்கா கவர் எவ்வளவு நேரம் விடணும்? பசங்களுக்கு செஞ்சு காட்டணும்.

* * *

நல்ல வெயில்னா ஒரு மணி நேரமே போதும்பா. ரொம்ப நேரம் விடாத, உள்ள சூடு ஏறி இலை கருகிரும், பாத்தவுடனே அவுத்து விட்டுரு.

* * *

நான் சரக்கு கப்பல்ல வேலை பாத்தவன். அட்லாண்டிக் நடுவுல, நாலு பக்கமும் தண்ணிய தவிர எதுவுமே இல்லாத எடத்துல, காலைல டெக்குக்கு வந்தா கைப்பிடி கம்பி பூரா செம்பழுப்பு பொடி. வெரல வச்சு தேச்சா மாவு மாதிரி வழுக்குது, வானமும் தெளிவா இல்லாம பால் கலந்த மாதிரி மங்கலா இருந்துச்சு. கூட இருந்த பெரியவர் தான் சொன்னாரு, இது சஹாரா மண்ணுடான்னு.

கரைக்கு வந்து தேடி படிச்சா ஆச்சரியமா போச்சு. 1832லயே டார்வின் பீகிள் கப்பல்ல கேப் வெர்டி தீவுகள் பக்கம் போனப்ப இதே தூசிய சேத்து வச்சு, பெர்லின்ல இருந்த ஏரன்பெர்க்ன்னு ஒரு விஞ்ஞானிக்கு அனுப்பிருக்காரு, அவர் மைக்ராஸ்கோப்ல பாத்தா நுண்ணுயிர்களோட ஓடு! எப்படின்னா, இந்த தூசி கெளம்பற முக்கியமான எடங்கள்ல ஒண்ணு சாட் நாட்டுல இருக்கற போடேலே பள்ளம், ஒரு காலத்துல அது பிரம்மாண்டமான ஏரி. அந்த ஏரில வாழ்ந்த டயாட்டம்ங்கற ஓடு உள்ள நுண்ணிய பாசியெல்லாம் செத்து படிஞ்சு, ஏரி காஞ்சு, இப்ப காத்து அத அள்ளிக்கிட்டு பறக்குது. நாசாவோட கலிப்ஸோ சாட்டிலைட் 2007லேர்ந்து 2013 வரைக்கும் எடுத்த டேட்டாவ வச்சு கணக்கு போட்டாங்க, வருஷத்துக்கு சராசரியா 2.7 கோடி டன்னுக்கு மேல தூசி அமேசான் பகுதில போய் விழுது, அதுல செடிக்கு உரமான பாஸ்பரஸ் மட்டும் 22,000 டன் கிட்ட, மழையும் வெள்ளமும் அந்த காட்டு மண்ணுலேர்ந்து அடிச்சுக்கிட்டு போற பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவு தான்.

இன்னொண்ணு, எல்லா வருஷமும் ஒரே அளவு வர்றதில்ல. சஹாராவுக்கு தெக்க இருக்கற சஹேல்ல முந்தின வருஷம் மழை கூட பேஞ்சிருந்தா தூசி குறையுது. செத்துப்போன ஒரு ஏரி, கடலுக்கு அந்தாண்ட இருக்கற காட்டுக்கு இன்னிக்கும் உரம் போடுது, அந்த பொடிய நான் கையால தொட்டுருக்கேன். இத நெனைக்கறப்பல்லாம் ஒடம்பு சிலிர்க்கும்.

* * *

கப்பல் அண்ணே, சிலிர்த்துருச்சு எனக்கும். மண்வாசனை பத்தி ஒண்ணு சொல்றேன். அது ஜியோஸ்மின்னு ஒரு பொருள், மண்ணுல இருக்கற ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்யறது. மழைத்துளி விழும்போது மண்ணுக்குள்ள இருக்கற காத்து குமிழா மாட்டி, மேல வந்து வெடிச்சு, வாசனைய தூவுது, 2015ல அமெரிக்காவுல எம்ஐடி யூனிவர்சிட்டில ஹை ஸ்பீட் கேமரா வச்சு இத எடுத்துருக்காங்க. அடிச்சு ஊத்தற மழையவிட லேசான மழைல தான் இது நல்லா நடக்கும். 2020ல வந்த ஆராய்ச்சில, அந்த வாசனைக்கு ஸ்ப்ரிங்டெயில்ன்னு குட்டியூண்டு பூச்சி தேடி வந்து அந்த பாக்டீரியாவ சாப்பிட்டு, அதோட வித்துகள ஒடம்புல ஒட்டிக்கிட்டு போயி பரப்புதுன்னு காட்டிருக்காங்க.

* * *

என் கிட்ட கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணு இருக்கு. காத்தே அசையாத ஒரு ராத்திரி அடர்த்தியா செடி இருக்கற எடத்துல வச்சு பாத்துக்கிட்டே இருந்தேன், விடியற வரைக்கும் நம்பர் ஏறிக்கிட்டே போச்சு, செடியும் மண்ணும் மூச்சு விடுது. வெயில் இலை மேல பட்டதும் அப்படியே எறங்க ஆரம்பிச்சுருச்சு.

இதையே பூமி முழுக்க பாத்தவர் கீலிங்ன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, ஹவாய்ல மௌனா லோவா மலைல 1958லேர்ந்து அளக்கறாங்க. வடக்கு பாதில கோடை வந்து இலை தழைச்சா மொத்த காத்துலயும் கார்பன் எறங்குது, குளிர் காலத்துல ஏறுது, வருஷா வருஷம் ரம்பப்பல் மாதிரி கோடு. ஆரம்பத்துல பத்து லட்சத்துல 315 பங்கு கிட்ட இருந்தது இப்ப 420ஐ தாண்டிருச்சு. நாம எண்ணெய், நிலக்கரியெல்லாம் எரிச்சு விடறதுல பாதி கிட்ட கடலும் காடும் மண்ணும் இழுத்துக்குது, அப்படி இருந்தே இவ்வளவு. கடல் இழுக்க இழுக்க தண்ணி அமிலத்தன்மை பக்கம் நகருது, சிப்பி, பவளம் எல்லாம் ஓடு கட்ட கஷ்டப்படுது. எனக்கு இதுல பெரிய கவலை இருக்கு, மறைக்க விரும்பல.

மீட்டர் வச்சிருக்கவங்க யாராவது கடற்கரைல ராத்திரியும் பகலும் வச்சு பாத்துருந்தா நம்பர போடுங்க, செடி பக்கத்துல வந்த மாதிரி ஏத்தம் எறக்கம் அங்க வருதான்னு ஒப்பிட்டு பாக்கணும்.